அலையாத்திக் காட்டில் ஒரு மாமனார்

"மஜீத் பாய்" என்று மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான், கூப்பிடுவது தன்னைத்தான் என்று அப்துல் வஹீதுக்கு உறைத்தது.

சட்டென்று திரும்பினார். படகுத்துறையில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இளைஞன், "எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன் பாய்" என்றான். குரலில் கோபமே இல்லை. வஹீதுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"காது கொஞ்சம் மந்தமுங்க தம்பி" என்றார். வாயில் முதலில் வந்தது அதுதான்.

"அப்படியா பாய்" என்று இளைஞன் அடித்தொண்டையிலிருந்து கத்தினான். துறையை ஒட்டி நின்ற கொக்குகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் மெத்தைக்கடை வைத்திருக்கும் அப்துல் வஹீது, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் தூண்டில் போட வந்தது மீனுக்காக இல்லை. மாப்பிள்ளைக்காக.

மகள் இல்மா கல்லூரியில் விலங்கியல் படித்தபோது வகுப்போடு சேர்ந்து இந்தக் காட்டைப் பார்க்க வந்திருந்தாள். அன்றைக்குப் படகில் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டியவன் ஷாநவாஸ். அவள் படிப்பை முடித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து, கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னாள். "நீங்களே விசாரிச்சுப் பாருங்க அத்தா" என்றாள். அதோடு சரி. பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வஹீதைப் பொறுத்தவரை தொழில் என்றால் அதற்கு ஒரு ஷட்டர் இருக்கவேண்டும். சாயங்காலம் அதை இழுத்துவிட்டு, பூட்டி, பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். வெளியூர் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மீன் பிடிக்கவைப்பதெல்லாம் ஒரு தொழிலா? கடலுக்கு ஷட்டர் ஏது?

இருந்தாலும் ஆளைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. வருகிறவர்களை மெத்தையில் உட்காரச் சொல்லியே எடை போட்டுப் பழகியவர் அவர். உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்காருகிறவன் ஒரு ரகம், தொப்பென்று விழுகிறவன் ஒரு ரகம். எந்த ரகமானாலும் கோபம் வந்துவிட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே வந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். ஒரு நாள் பூராவும் இந்தப் பையனோடு இருந்து, எப்படியாவது கோபம் வரவைத்து, உள்ளே இலவம்பஞ்சா கழிவுப்பஞ்சா என்று பார்த்துவிடுவதென்று முடிவு செய்தார்.

மச்சினன் அப்துல் மஜீதின் பெயரில் படகுக்குச் சொல்லிவைத்தார். மனைவி உம்மல் குல்சுமிடம், மெத்தைக்குத் தேங்காய்நார் பார்க்கக் காங்கேயம் போவதாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையிலுங்களா?" என்றாள் அவள்.

"நாருக்கு ஏது ஞாயித்துக்கிழமை?"

"அதுவுஞ் செரிதானுங்க" என்றவள், பையில் ஒரு வெள்ளைச் சட்டையையும் கைலியையும் மடித்துவைத்தாள். "எதுக்கும் மாத்துத்துணி இருக்கட்டும்."

இவ்வளவு சுலபமாக நம்புகிறவளிடம் பொய் சொல்கிறோமே என்று பஸ் பல்லடம் தாண்டுகிற வரை அவருக்கு நெஞ்சு உறுத்தியது. பிறகு தூங்கிவிட்டார். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வாழ்நாளில் போட்டறியாத முக்கால் பேண்டையும் வட்டத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார். சுவர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது, அந்த ஆளுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள் போலிருந்தது.

இப்போது ஷாநவாஸ் அவருக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தான். கடைசிக் கொக்கியை இரண்டாவது தடவையும் இழுத்துப் பார்த்தான்.

"இதைக் கழட்டவே கூடாது பாய்" என்று காதருகே கத்தினான். "நீச்சல் தெரியுமா?"

"தெரியாம என்னுங்க."

"தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டா?"

"ஆழியாறு, அமராவதி, பவானிசாகர்னு நாம போகாத டேம் இல்லீங்க தம்பி" என்றார் வஹீது. ஆழியாறுக்குப் போனது மட்டும் உண்மை. அங்கே வறுத்த மீன் நன்றாக இருக்கும்.

ஷாநவாஸ் மறுபேச்சுப் பேசாமல், இருந்ததிலேயே நீளமான, பளபளவென்றிருந்த தூண்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "இது என் ராசியான ராடு. தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் குடுப்பேன்."

படகு வாய்க்காலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாக மாறியது. இரண்டு பக்கமும் மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றன. சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உப்பும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாடை. ஷாநவாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு மூங்கில் கழியால் படகைத் தள்ளினான். "இங்க போடுங்க பாய்."

வஹீது எழுந்து நின்றார். சினிமாவில் பார்த்த மாதிரி தூண்டிலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார். கொக்கி அவருடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்க்கரை மரத்தில் மாட்டியது.

ஒரு நிமிஷம் இருவரும் அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பக்கமெல்லாம் மொதல்ல காத்து எப்படி அடிக்குதுன்னு தொப்பியப் போட்டுப் பாப்போமுங்க" என்றார் வஹீது.

"நல்ல பழக்கம் பாய்" என்று கத்திவிட்டு ஷாநவாஸ் படகைத் திருப்பினான். வேரைப் பிடித்து ஏறித் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

அடுத்த வீச்சில் கொக்கி ஷாநவாஸின் சட்டைக் கையில் மாட்டியது. அதற்கடுத்தது வஹீதின் முக்கால் பேண்டில், பின்பக்கம். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பாதி எழுந்த ஒட்டகம் போல அவர் நின்றபோது, ஷாநவாஸ் துணி கிழியாமல் கொக்கியைப் பக்குவமாக எடுத்துவிட்டான்.

"டேம் தண்ணி வேற, இது வேற பாய். இங்க சும்மா படகோரமா இறக்கிவிட்டாப் போதும்."

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. வஹீதின் கை தானாகப் பைக்குப் போனது. காது மந்தம் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நின்றது. மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"பாய், ஃபோன்" என்று ஷாநவாஸ் தோளைத் தொட்டான்.

"அட, அடிக்குதுங்களா?" என்று எடுத்தார். குல்சும்.

"எங்கீங்க இருக்கீங்க?"

"காங்கேயத்துலதான். நாரு பாத்துட்டு இருக்கேன்."

"பாய், தலையைக் குனிங்க, கொப்பு வருது" என்று ஷாநவாஸ் பின்னாலிருந்து போட்ட கூச்சல் காடெங்கும் எதிரொலித்தது. வஹீது குனிந்தார்.

"யாருங்க அது, அந்தக் கத்து கத்தறாங்க?"

"மில்லுக்காரரு. மிசின் சத்தத்துல பேசிப் பேசி அப்படி ஆகிப்போச்சு அவருக்கு."

"மிசின் சத்தமே கேக்கலீங்களே."

"இப்பத்தான் கரண்ட் போச்சு."

"செரிங்க. வெயிலு ஏறுது, தலையில துணி போட்டுக்குங்க. ஓரத்துல நிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நார் மில்லில் என்ன ஓரம் என்று வஹீது யோசித்தார். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இனி வந்த வேலையைப் பார்க்கவேண்டும். கால் நீட்டுவதுபோல நீட்டி, இரைக்கு வைத்திருந்த இறால் டப்பாவைத் தட்டிவிட்டார். டப்பா கவிழ்ந்து இறால் முழுக்கத் தண்ணீருக்குள் போனது. ஓரக்கண்ணால் பையனின் முகத்தைப் பார்த்தார்.

ஷாநவாஸ் தண்ணீரை எட்டிப் பார்த்தான். "பரவால்ல பாய். அதுங்களும் காலையில பசியாறணும்ல" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் மீனை எடுத்துக் கொக்கியில் மாட்டினான்.

இலவம்பஞ்சுதானோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. உடனே ஒத்துக்கொள்ள மனமில்லாமல், "வெக்கை தாங்கலீங்க" என்று லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை அவிழ்த்தார்.

"போடுங்க பாய்."

"ஒரு அஞ்சு நிமிசம்."

ஷாநவாஸ் கழியைப் படகுக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். "நீங்க போட்டாத்தான் படகு நகரும்."

"நான் கஸ்டமருங்க."

"ஆமா பாய். திரும்பக் கொண்டுபோய் விடவேண்டிய கஸ்டமர்."

படகு நடு வாய்க்காலில் நின்றது. கொசு மட்டும் வேலையைத் தொடர்ந்தது. வஹீது வீம்புக்கு உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். ஷாநவாஸ் எழுந்து வந்து எல்லாக் கொக்கியையும் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கழியை எடுத்தான். பிடிவாதக்காரன் என்று வஹீது மனதுக்குள் குறித்துக்கொண்டார். ஆனால் கோபம் என்று அதைச் சொல்லமுடியாது.

வாய்க்கால் அகன்று பெரிய நீர்ப்பரப்பாக விரிந்தது. தூரத்தில் இன்னொரு படகில் ஒரு குடும்பம் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. வஹீது தூண்டிலை இறக்கிவிட்டு மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்குக் கலியாணம் ஆயிருச்சுங்களா?"

"இன்னும் இல்ல பாய். பேச்சு நடக்குது" என்று ஷாநவாஸ் கத்தினான். அந்தப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொண்ணு எந்த ஊருங்க?"

"கோயமுத்தூர்."

"அடடே, நம்மூரு. பொண்ணூட்டுல சம்மதமுங்களா?"

"அவங்க அத்தாவை நினைச்சாத்தான் பயமா இருக்கு பாய்."

வஹீதுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. "கோவக்காரருங்களா?"

"கோவக்காரர் இல்ல. ரொம்ப நல்லவர்னு சொல்றாங்க. நான் படகுக்காரன், என்னை அவருக்கு எப்படிப் பிடிக்கும்?"

"அதுக்கு என்னுங்க? இந்தக் காலத்துப் புள்ளைங்க பெத்தவங்களையா கேக்கறாங்க? பொண்ணு செரின்னா முடிஞ்சுதுங்களே." பல வாரங்களாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மகளைப் பற்றி அவருக்கு இருந்த பயமே அதுதான்.

ஷாநவாஸ் கழியை ஊன்றிக்கொண்டு நின்றான். "இல்ல பாய். எங்க அத்தா முகம் வாடியிருந்தா நான் நிக்காஹ்வுக்கு உட்கார மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

வஹீது தண்ணீரைப் பார்த்தார். "என்னுங்க? செரியாக் கேக்கலீங்க."

ஷாநவாஸ் இன்னும் பலமாகச் சொன்னான். "அவங்க அத்தா முகம் வாடியிருந்தா நிக்காஹ்வுக்கு உட்கார மாட்டாங்களாம்."

"யாரு?"

"பொண்ணு, பாய். அவங்க அத்தா சிரிச்சுக்கிட்டு வந்து கையைப் புடிச்சுக் குடுக்கணுமாம். இல்லேன்னா இப்படியே இருந்துடுறேன்னு சொல்லிட்டாங்க."

அடுத்த படகில் ஃபோட்டோ எடுப்பது நின்றுபோயிருந்தது. ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்துல செரியா விழுகலீங்க தம்பி" என்றார் வஹீது. "இன்னொருக்காச் சொல்லுங்க."

ஷாநவாஸ் சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னான். வஹீது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. கழற்றுகிற நிலையில் அவர் இல்லை.

அந்த நேரத்தில்தான் தூண்டில் வெடுக்கென்று வளைந்தது.

"கொடுவா மீனு, பாய். உட்கார்ந்தே புடிங்க" என்றான் ஷாநவாஸ். வஹீது எழுந்துவிட்டார். அறுபதை நெருங்கும் வயதில் தன் கையில் ஓர் உயிர் இப்படித் துள்ளும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. இழுத்தார். அது இழுத்தது. இருவரில் அதற்குத்தான் பழக்கம் அதிகம். வஹீது தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனார்.

இடுப்பளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் வரை சேறு. ஜாக்கெட் மேலே தூக்க, சேறு கீழே இழுக்க, நடுவில் நின்றுகொண்டு அவர், "யா அல்லாஹ், இந்த வஹீதைக் காப்பாத்து" என்று அலறினார்.

அவர் கையிலிருந்து நழுவிப் படகுக்குள் விழுந்த தூண்டில் சரசரவென்று ஓடியது. அதைப் பிடிக்க ஒரு எட்டுத்தான். ஷாநவாஸ் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இந்தப் பக்கம் குதித்து வஹீதின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினான். ராசியான ராடு மீனோடு சேர்ந்து தண்ணீருக்குள் போய் மறைந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. காலை மெதுவா ஆட்டி எடுங்க" என்றான், கத்தாமல், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

"செரிங்க, செரிங்க" என்று வஹீது காலை ஆட்டினார். படகில் ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான், அந்த மெல்லிய குரல் தனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும்.

"வஹீதுங்கறது எங்க மச்சானுங்க" என்றார் அவசரமாக. "ஆபத்துன்னா நான் மொதல்ல அவருக்காகத்தான் துஆ கேப்பேன்."

"கொடுத்துவைச்ச மச்சான் பாய்" என்று ஷாநவாஸ் பழையபடி கத்தினான்.

"உங்க ராடு போயிருச்சுங்களே தம்பி."

"போனாப் போகுது. அது மாதிரி ஆயிரம் வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு, தன் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டப் போனவன், கூச்சப்பட்டு அதை அவர் கையிலேயே கொடுத்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் வஹீது துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். முடிவு எடுத்தாகிவிட்டது. ஷட்டர் இல்லாவிட்டால் என்ன, இவன் எல்லாக் கொக்கியையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன். ஆனால் சம்மதம் சொல்லியனுப்பிய பிறகு இவன் வீட்டுப் பெரியவர்களோடு பெண் கேட்டுக் கோயமுத்தூர் வரும்போது, வெள்ளைச் சட்டையும் நல்ல காதுமாக எதிரே போய் எப்படி உட்காருவது? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் ஷாநவாஸ், "என்ன பாய்?" என்று அன்போடு காதைத் துளைத்தான். அதற்கு மேல் துணிச்சல் வரவில்லை.

துறைக்கு வந்ததும் ஷாநவாஸ் படகைக் கட்டிவிட்டு, "நான் லுஹர் தொழுதுட்டு வந்துடுறேன், நீங்க மாத்துத்துணி போட்டுக்கிட்டு சாப்பிடுங்க. நீங்க ஈரத்தோட இருக்கக்கூடாது" என்று பள்ளிவாசல் பக்கம் போனான்.

வஹீது குளித்து, கைலியும் வெள்ளைச் சட்டையுமாக, துறையோரச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார். கடை நடத்தும் அம்மாள் சுடச்சுடச் சோறு போட்டு மீன்குழம்பு ஊற்றினாள். இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"ஏனுங்கம்மா, இந்த ஷாநவாஸ் தம்பி எப்படிங்க?"

"அவனா? அவங்க வீட்டு வாசல்ல ஒரு பூனைக்கூட்டமே இருக்கு பாய். எல்லாம் எங்கெங்கயோ அடிபட்டுக் கிடந்ததுங்க, இவன் தூக்கிட்டு வந்தது. உம்மாக்காரிக்கு மீன் வாங்கிக் கட்டுப்படி ஆகல. வேற குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

வஹீது தலையாட்டினார். குரலைத் தாழ்த்தினார். "நான் விசாரிச்சேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்கம்மா. கோயமுத்தூர்ல எங்க ஊட்டுக்கும் இது தெரியாது."

அந்த அம்மாள் கரண்டியை அப்படியே வைத்துக்கொண்டு அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இன்னொரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க பாய். போன மாசம் உங்க வீட்டம்மாவும் அவனைப் பார்க்கத் தனியா வந்து இங்கதான் சாப்பிட்டாங்க. போறப்ப அவன்கிட்ட, 'என்னைக்காச்சும் ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் வேற பேரைச் சொல்லிக்கிட்டு வருவாருங்க தம்பி, தண்ணிக்குள்ள விட்டுப்போடாதீங்க. அவருக்கு மீன் புடிக்கவும் வராது, பொய் சொல்லவும் வராது, ரெண்டையும் கண்டுக்காதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."